வழக்காறும் வழக்கும்

சென்ற ஆண்டு நிக்காஹ் வீடொன்றில் மூதாட்டி ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூருக்கு அருகிலுள்ள சிற்றூரொன்றில் பிறந்து, லெப்பைக்குடிக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர் அவர். அவருடைய தகப்பனார் வபாத்தாகி இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன; தாயாரும் பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார். விட்டுச் சென்றது மானாவாரி நிலம் எட்டு ஏக்கர். பட்டா மூத்த அண்ணன் பெயரில் இருக்கிறது. உழுவதும் அறுப்பதும் இரண்டு அண்ணன்மாரும்தாம். நோன்புப் பெருநாளுக்கு ஒரு சேலை வரும், பிள்ளைகள் கலியாணத்துக்குக் கொஞ்சம் பணம் வரும். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நிலத்தை விலைபேசிவிட்டார்கள் என்ற செய்தி காதுக்கு எட்டியதும் அவருக்கு உறக்கம் போய்விட்டது.

அவர் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "அண்ணன் எனக்குப் பங்கு கொடுக்குமா, தம்பி?"

கேள்வியைவிட அதிலிருந்த 'கொடுக்குமா' என்னும் சொல்லே நம் நெஞ்சில் தைத்தது. கொடுப்பவன் ஒருவன், வாங்குபவள் ஒருத்தி என்னும் எண்ணம் அச்சொல்லினுள் குடியிருக்கிறது. மார்க்கச் சட்டமோ நாட்டுச் சட்டமோ அவ்வாறு எண்ணவில்லை. பின்னர் அந்த எண்ணம் நம்மவரிடையே எங்கிருந்து வந்தது, எப்படி நிலைத்தது, எந்தெந்த ஆண்டில் எந்தெந்தப் படியில் அது தகர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன் அந்த வட்டாரத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அரியலூர், செந்துறைப் பகுதிகள் மிகப் பழங்காலத்தில் கடலடியாய்க் கிடந்தவை. இன்றும் கிணறு வெட்டினால் கிளிஞ்சலும் சங்கும் கல்லாய்ச் சமைந்து கிடைக்கும். அந்தக் கடல் விட்டுப்போன சொத்துதான் சுண்ணாம்புக்கல். முந்திரியும் சோளமும் பருத்தியும் விளைந்த நிலம், மழையை நம்பிய நிலம், ஒரு காலத்தில் சீதனமாய்க் கொடுத்தாலும் மருமகன் முகம் சுளிக்கக்கூடிய நிலம் அது. 1979இல் அரியலூரில் அரசின் சிமெண்டு ஆலை எழுந்தது. 1997இல் ஆலத்தியூரில் தனியார் ஆலை ஒன்று எழுந்தது. நிலத்தின் மேற்பரப்பைக் காட்டிலும் அதன் அடிவயிறு விலை பெற்றது. விலை இல்லாத காலத்தில் யாரும் பங்கு கேட்கவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. விலை வந்த பிறகு கேள்வியும் வந்தது. இதில் பெண்களைப் பேராசைக்காரிகள் என்று பழிப்பவர்கள், அதே விலையைக் கண்டு பத்திரம் எழுத ஓடிய ஆண்களை என்னவென்று அழைப்பார்கள் என்பது நமக்குத் தெரியவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். உறவினர் கையில் சிக்கிய சொத்தைப் பற்றிய முறையீடு இஸ்லாமிய வரலாற்றில் புதியதன்று. பாகப்பிரிவினைச் சட்டம் பிறந்ததே அத்தகைய முறையீட்டில்தான் என்று கூறுதல் மிகையாகாது. ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டில், அதாவது கி.பி. 625இல், உஹதுப் போர்க்களத்தில் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அன்னாருக்கு இரு பெண்மக்கள். பண்டைய அரபுநாட்டு வழக்கப்படி வாளேந்திப் போரிடக்கூடியவனே வாரிசு. ஆகவே ஸஅதின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அவர் திருடரல்லர், ஊர் வழக்கப்படி நடந்துகொண்டவர், அவ்வளவே. ஸஅதின் மனைவியார் தம் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் வந்து நின்றார். பிள்ளைகளின் தகப்பனார் உஹதில் மாண்டதையும், சிறிய தகப்பனார் ஒன்றும் மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொண்டதையும், பொருளில்லாப் பெண்களுக்கு மணவாழ்வு அமைவது எங்ஙனம் என்பதையும் எடுத்துரைத்தார். அதன் பிறகே அந்நிஸா அத்தியாயத்தின் பாகப்பிரிவினை வசனங்கள் அருளப்பெற்றன என்பது ஹதீஸ் நூல்கள் தரும் செய்தி. நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, இரு பெண்மக்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை அவரே வைத்துக்கொள்ளுமாறு தீர்ப்பளித்தார்கள். சொத்தை இருபத்துநான்கு கூறாக்கினால் பெண்மக்களுக்குப் பதினாறு, தாய்க்கு மூன்று, சகோதரருக்கு ஐந்து.

இந்த நிகழ்ச்சியில் நாம் சற்று நின்று பார்க்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்தக் கைம்பெண் முறையிட்டதைக் குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்த செயல் என்று எவரும் இகழவில்லை. அந்தச் சகோதரரும் தமக்குரிய ஐந்து கூறுகளை இழக்கவில்லை. வழக்கு என்பது உறவை முறிக்கும் கோடரி என்று இன்று நம் வீடுகளில் பேசப்படும் பேச்சுக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

அத்தகைய சட்டத்தை நெஞ்சில் ஏற்றுக்கொண்ட சமுதாயத்தில், தமிழகத்து உள்நாட்டு ஊர்கள் பலவற்றில், பெண் எவ்வாறு வாரிசு வரிசையிலிருந்து நழுவினாள்? விடை எளிதுதான். நிலத்தை உழுது வாழ்ந்த குடிகள் அண்டை வீட்டுக்காரரின் வழக்கத்தையே தமதாக்கிக்கொண்டனர். பெண்ணுக்கு நகையும் பாத்திரமும் சீராகக் கொடுத்தாயிற்று, நிலம் ஆண்பிள்ளைகளுக்கு என்பதே அந்த வழக்கம். நிலம் துண்டுபடக்கூடாது, வேற்றூர் மருமகன் வரப்பில் வந்து நிற்கக்கூடாது என்பது அதன் உட்பொருள். எல்லா ஊர்களிலும் இப்படித்தான் என்று கூறுவதும் தவறாகும். காயல்பட்டினம் போன்ற கடற்கரைப் பட்டினங்களில் வீடு பெண்ணுக்கே எழுதப்படுவதும், மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் நெடுநாளைய வழக்கம். ஈழத்தின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடமும் அப்படியே. கடல் வணிகம் செய்தவன் வீட்டைப் பெண்ணிடம் விட்டுச் சென்றான். ஏர் பிடித்தவன் நிலத்தைப் பெண்ணிடமிருந்து காத்தான். இரண்டுமே வழக்காறுகள், இரண்டுமே ஃபராயிள் கணக்கைக் கேட்டுப் பிறந்தவையல்ல.

ஆங்கிலேயர் ஆட்சி இந்த வழக்காற்றுக்குப் புதியதொரு பலத்தைத் தந்தது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தின்படி, வாரிசுரிமை போன்ற பொருள்களில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டமே செல்லும் என்று விதிக்கப்பட்டது. ஸிராஜிய்யா என்னும் பாகப்பிரிவினை நூலை வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலப்படுத்தி 1792இல் கல்கத்தாவில் வெளியிட்டார். நீதிமன்றங்களில் நீதிபதிக்குப் பக்கத்தில் முஃப்தியும் காஜியும் அமர்ந்து சட்டம் சொன்ன காலம் ஒன்றிருந்தது. 1864ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை எழுப்பி அனுப்பிவிட்டது. 1880இல் காஜிகள் சட்டம் வந்தபோதும், காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் ஏதும் அதனால் கிடைக்கவில்லை; அதை அச்சட்டமே தெளிவாகச் சொல்கிறது.

இதற்கிடையே 1873ஆம் ஆண்டு சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாரிசுரிமை வழக்குகளில் முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம் என்று கூறிவிட்டு, உடனே 'சட்டத்தின் வலுப்பெற்ற வழக்காறு இருப்பின்' அதற்கும் கதவைத் திறந்து வைத்தது. கதவு சிறிதுதான். ஆனால் அதன் வழியே பெண்ணின் பங்கை வெளியே தூக்கிச் செல்லப் பலர் முயன்றார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து இராவுத்தர் குடும்பமொன்றில், பெண்கள் வாரிசாகார் என்னும் வழக்காறு தங்களிடம் உண்டு என்று கிளப்பப்பட்ட வாதம் இலண்டன் பிரிவி கவுன்சில் வரையில் சென்றது. 1922இல் அம்மன்றம் கூறிய சட்டநெறி பின்னர் பல்லாண்டுக் காலம் மேற்கோளாய் விளங்கியது: முஸ்லிம் சட்டத்துக்கு மாறான வழக்காறும் இருக்கலாம், ஆனால் அதைச் சொல்பவனே அதை நிரூபிக்கவேண்டும், அது பழமையானதாயும் மாறாததாயும் இருக்கவேண்டும், ஓரிடத்தில் இருப்பதைக் கொண்டு இன்னோரிடத்திலும் இருக்குமென்று ஊகித்து நீட்டக்கூடாது. சட்டநெறி நல்லதுதான். ஆனால் அதன் பயனை அடைய ஒரு பெண் எத்தனை நீதிமன்றப் படிகள் ஏறவேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, ஏறாமலே இருந்துவிட்ட பெண்களின் தொகை நம் கண்முன் நிற்கிறது.

அந்தக் கதவை மூடவே 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் பிறந்தது. மத்திய சட்டசபையில் 1935இல் கொண்டுவரப்பட்டு, ஜின்னா அவர்களின் திருத்தங்களுடன் நிறைவேறி, 1937 அக்டோபர் 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், மாறான வழக்காறு எதுவாயினும் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு ஷரீஅத்தே விதி என்று அறிவித்தது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. விவசாய நிலத்தின் வாரிசுரிமை, 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டப்படி மாகாணங்களின் அதிகாரத்துக்குட்பட்டது. எனவே மத்திய சட்டம் அதைத் தொடமுடியவில்லை. வீட்டுக்கும் நகைக்கும் ரொக்கத்துக்கும் வழக்காறு ஒழிந்தது. வயலுக்கு மட்டும் அது உயிரோடிருந்தது. நாட்டுப்புறத்தில் சொத்து என்றாலே வயல்தான் என்பதை நினைவிற் கொண்டால், அந்த விலக்கின் அளவு புலப்படும்.

சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டின் 18ஆம் சட்டத்தால் அந்த விலக்கை நீக்கியது. அன்றிலிருந்து தமிழகத்தில் நஞ்சையும் புஞ்சையும் முந்திரித் தோப்பும் ஷரீஅத்துக்குட்பட்டவை. இந்தியாவின் வேறு சில மாநிலங்களில் வேளாண் நிலத்தைப் பற்றிய வாதம் அதற்குப் பின்னும் நீண்டது; நம் மாநிலத்தில் அது முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே முடிந்துபோன ஒன்று. அப்படியிருந்தும், 'நம்ம பக்கம் பொம்பளப் பிள்ளைக்கு நெலத்துல பங்கு கெடையாது' என்று இன்றும் ஒருவர் திண்ணையில் அமர்ந்து கூறுவாரானால், அவர் 1949க்கு முந்திய சட்டத்தைக்கூடச் சொல்லவில்லை. நிரூபிக்கப்படாத ஒரு வழக்காற்றைச் சொல்கிறார். அண்டை வீட்டு இந்துப் பெண்களுக்குப் பிறப்பால் வரும் கூட்டுக்குடும்பப் பங்கைத் தமிழ்நாடு 1989இல்தான் வழங்கியது. நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது. யாரைப் பார்த்து நாம் வழக்கத்தைக் கற்றோமோ, அவர்களே அவ்வழக்கத்தை விட்டு நடந்துவிட்டார்கள்.

மூதாட்டியின் கணக்கைப் போடுவோம். தகப்பனார் மறைந்தபோது மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மக்கள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. எட்டு ஏக்கரில் ஓர் ஏக்கர். எஞ்சிய ஏழு ஏக்கர், மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் ஐந்து கூறாகிறது. மகன் ஒவ்வொருவருக்கும் 2 ஏக்கர் 80 சென்ட். மகளுக்கு 1 ஏக்கர் 40 சென்ட். பின்னர் தாயார் மறைந்தபோது அவருடைய ஓர் ஏக்கர் அதே விகிதத்தில் பிரிகிறது. மகளுக்கு மேலும் 20 சென்ட். ஆக 1 ஏக்கர் 60 சென்ட். ஹனஃபி ஆனாலும் ஷாஃபி ஆனாலும் இந்தக் கணக்கில் மாற்றமில்லை. கலியாணத்தின்போது கொடுத்த நகையையும் சீரையும் இதிலிருந்து கழிக்கவேண்டும் என்று அண்ணன்மார் வாதிடக்கூடும். ஷரீஅத்தில் அப்படியொரு கழிவு இல்லை. உயிரோடிருக்கும்போது தகப்பன் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. இறந்தபின் வருவது பங்கு.

இனி நாம் முதலில் தொட்ட இடத்துக்கு வருகிறோம். இந்த 1 ஏக்கர் 60 சென்ட் அண்ணன் கொடுத்தால் வருவதன்று. தகப்பனாரின் உயிர் பிரிந்த கணத்திலேயே, கடனும் அடக்கச் செலவும் முறையான வஸிய்யத்தும் போக, ஒவ்வொரு வாரிசின் பங்கும் அவரவருக்குத் தனித்தனியே சொந்தமாகிவிடுகிறது. முஸ்லிம் குடும்பத்தில் கூட்டுக்குடும்பச் சொத்து என்பது கிடையாது; மூத்தவன் கர்த்தா என்பதும் கிடையாது. 1917ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற சென்னை உயர்நீதிமன்ற முழுஆயத் தீர்ப்பொன்று இதை மிகக் கறாராகச் சொல்லிற்று: சொத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு வாரிசு, இறந்தவரின் கடனைத் தீர்ப்பதற்காகவே விற்றாலும்கூட, அந்த விற்பனை மற்ற வாரிசுகளின் பங்கைக் கட்டுப்படுத்தாது. கடனுக்காக விற்றதே கட்டாது என்றால், இலாபத்துக்காக விற்றதைப் பற்றிப் பேசவேண்டுமோ? அண்ணன் எட்டு ஏக்கரையும் எழுதிக்கொடுத்தாலும், வாங்கியவருக்குச் சேர்வது அண்ணனின் பங்கு மட்டுமே. தங்கையின் பங்கு அந்தப் பத்திரத்தினுள் நுழையவேயில்லை.

ஆகவே சட்டமொழியில் அவள் தொடுக்கவேண்டியது பங்கு கேட்கும் வழக்கன்று, பங்கைப் பிரித்துத் தனியாக்கும் பாகப்பிரிவினை வழக்கு. சொல்லில் சிறிய வேறுபாடு. ஆனால் எல்லாமே அதில் அடங்கியிருக்கிறது. காலக்கெடு பற்றிய அச்சத்தை எடுத்துக்கொள்வோம். இருபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டனவே, பன்னிரண்டு ஆண்டோடு உரிமை போய்விடாதா என்று பலரும் கேட்கிறார்கள். அனுபவ பாத்தியம் என்று அண்ணன்மாரின் வக்கீலும் நோட்டீஸ் எழுதுவார். 1912இல், இலங்கையிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சில் இதற்கு விடை கூறியது: உடன்வாரிசு ஒருவரின் அனுபவம் எல்லா வாரிசுகளின் அனுபவமாகவே கருதப்படும், மற்றவரை வெளிப்படையாக மறுத்து வெளியேற்றினாலொழிய அவர்களுக்கெதிராகக் காலம் ஓடாது. 1957இல் நம் உச்சநீதிமன்றம் அதை வழிமொழிந்தது.

1980இல் அதே உச்சநீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு நம் மூதாட்டியின் கதைக்கு மிக அருகிலிருப்பது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த முஸ்லிம் கைம்பெண் ஒருவர்; நிலத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உன் பங்கு பத்திரமாக இருக்கும் என்று சொன்ன உறவினர்கள்; நில ஒருங்கிணைப்புக் காலத்தில் ஆவணங்களில் மறைந்துபோன அவர் பெயர். விளைச்சலில் பங்கு பெறாதிருந்தது மட்டுமே உரிமையை அழித்துவிடாது என்றும், உடன்பங்காளியின் அனுபவம் எதிரிடை அனுபவமாகாது என்றும் கூறி நீதிமன்றம் அவருடைய பங்கைக் காத்தது. பெருநாளுக்கு வந்த சேலையும் கலியாணத்துக்கு வந்த பணமும் இந்த நோக்கில் பார்த்தால் அண்ணன்மாருக்கு எதிரான சாட்சியங்களே. தங்கையை வாரிசு என்று அவர்கள் மறுத்ததில்லை என்பதைத்தான் அவை காட்டுகின்றன. ஆனால் 'உனக்குப் பங்கில்லை' என்று எழுத்தில் ஒரு பதில் வந்துவிட்டால், அன்றிலிருந்து பன்னிரண்டு ஆண்டு என்னும் எண்ணிக்கை தொடங்கிவிடக்கூடும். அதன் பிறகு வாளாவிருத்தல் ஆபத்து.

பட்டாவைப் பற்றியும் ஒரு சொல். பட்டா என்பது தீர்வை கட்டுகிறவரைக் காட்டும் வருவாய்த்துறை ஆவணம்; அது உரிமைமூலம் ஆகாது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும் வாரிசு இன்னார் என்று காட்டுவதேயன்றி, சொத்தைப் பிரித்துத் தருவதன்று. அதில் ஒரு மகளின் பெயர் விடப்பட்டிருந்தால் அவள் மகளல்லாமல் போய்விடுவதில்லை.

மிகுந்த சிக்கல் விடுதலைப் பத்திரத்தில்தான் இருக்கிறது. 'ஒரு கையெழுத்துப் போடம்மா, வங்கியில் கடன் வாங்கவேண்டும்' என்று அழைத்துச் சென்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல்ரேகை வாங்கிய கதைகள் ஊருக்கு ஒன்றுண்டு. இங்கே தகப்பனார் உயிரோடிருந்தபோது எழுதியதா, மறைந்தபின் எழுதியதா என்பதே முதற்கேள்வி. உயிரோடிருப்பவனின் சொத்தில் வாரிசுக்கு உரிமையே பிறப்பதில்லை. பிறக்காத ஒன்றை விட்டுக்கொடுக்க முடியாது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாறு தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் தகப்பன் கொடுத்த பணத்தைப் பெற்றுக்கொண்டு, இனிப் பங்கு கேளேன் என்று எழுதித் தந்தவர், பின்னர் பணத்தையும் வைத்துக்கொண்டு பங்கையும் கேட்பது நேர்மையன்று என்று 1973இல் உச்சநீதிமன்றம் கூறியது. கேரளத்து இராவுத்தர் குடும்பமொன்றின் வழக்கில் 2011இல் அதையே மீண்டும் உறுதி செய்தது. ஆகவே வெறுங்கையெழுத்து வேறு, விலை பெற்ற கையெழுத்து வேறு. தகப்பன் மறைந்தபின் மனமொப்பி எழுதித்தந்த விடுதலைப் பத்திரமோ செல்லும். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியதாயின், அது தெரியவந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் அதை இரத்துசெய்ய வழக்கிடவேண்டும். இந்த மூன்றாண்டுதான் பல பெண்களைக் கவிழ்த்துவிடுகிறது. அண்ணன் மனம் மாறுவான் என்று அவர்கள் காத்திருக்கும் காலம் பெரும்பாலும் அதைவிட நீண்டது.

தந்தையற்ற சிறுவர்களின் சொத்தை விற்றுவிடுவது இன்னொரு வகை. குர்ஆன் மிகக் கடுமையாக எச்சரிக்கும் குற்றம் எத்தீம்களின் பொருளை உண்பது என்பதை நாம் அறிவோம். முஸ்லிம் சட்டப்படி சிறுவரின் சொத்துக்குத் தந்தை, அவர் நியமித்தவர், தந்தையின் தந்தை, அவர் நியமித்தவர் ஆகியோரே காப்பாளர். தாயோ அண்ணனோ சிற்றப்பனோ நீதிமன்ற நியமனமின்றிச் சிறுவரின் நிலத்தை விற்றால் அது செல்லாது என்று 1918இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. அண்ணன் காப்பாளராக நின்று செய்த குடும்ப ஒப்பந்தமும் செல்லாதென்று 1952இலும், தாய் செய்த விற்பனை செல்லாதென்று 1996இலும் உச்சநீதிமன்றம் கூறியது. தாய்க்கு அந்த உரிமை இல்லை என்பதில் நமக்கு வருத்தம் உண்டு. பிள்ளையின் பொருளைக் காக்கத் தாயைவிட நம்பகமானவர் யார்? ஆனால் இந்தச் சட்டம் சிற்றப்பன்மார் கையிலிருந்து எத்தனையோ பிள்ளைகளின் நிலத்தை மீட்டிருக்கிறது என்பதும் உண்மை.

உயிலையும் ஹிபாவையும் காட்டிப் பங்கை மறுப்பவரும் உளர். ஒரு வாரிசுக்கு எழுதிய வஸிய்யத்து மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது. வெளியாருக்கானாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சம்மதமின்றிச் செல்லாது. ஹிபா வாய்மொழியாகவே செல்லும் என்பது உண்மைதான். ஆனால் கொடுத்தேன் என்ற அறிவிப்பு, ஏற்றேன் என்ற ஒப்புதல், சொத்தைக் கையில் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நடந்தன என்பதை, ஹிபா என்று சொல்பவரே மெய்ப்பிக்கவேண்டும். மரணப்படுக்கையில் செய்த ஹிபாவுக்கு வஸிய்யத்துக்குரிய வரம்புகளே பொருந்தும்.

நடைமுறைக்கு வருவோம். தகப்பனாரின் மரணச் சான்று, பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, பழைய பத்திர நகல்கள் ஆகியவற்றைத் திரட்டுவது முதல் வேலை. வில்லங்கச் சான்று எடுத்தாலே யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்பது வெளிப்பட்டுவிடும். பிறகு வக்கீல் மூலம் அறிவிப்பு. அதற்கும் பணியாவிட்டால், மதிப்புக்கேற்ப முன்சீப் நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ பாகப்பிரிவினை வழக்கு. 1955ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, கூட்டு அனுபவத்தில் இருப்பவருக்கு நிலையான சிறு கட்டணம். முற்றாக வெளியேற்றப்பட்டவருக்குப் பங்கின் மதிப்புக்கேற்ற கட்டணம். மேலே கூறிய 'உடன்வாரிசின் அனுபவம் எல்லார்க்கும் அனுபவம்' என்னும் நெறி இங்கும் கைகொடுக்கும். நீதிமன்றம் முதலில் பங்கு இவ்வளவு என்று முதனிலைத் தீர்ப்பாணை வழங்கும். பிறகு ஆணையர் நிலத்தை அளந்து கூறிட, இறுதித் தீர்ப்பாணை வரும். முதல் தீர்ப்பைப் பெற்றதும் வென்றுவிட்டதாக எண்ணி, இறுதித் தீர்ப்புக்கு மனுச் செய்யாமலே விட்டுவிட்ட குடும்பங்களை நாம் அறிவோம். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. எனினும் தடையுத்தரவு கேட்பது நன்று. குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கிக்கொண்டு பிரிக்கக் கேட்டால், 1893ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்பத்தார் அதை விலைகொடுத்து மீட்கலாம். அரசு நிலம் எடுத்து, இழப்பீட்டைப் பட்டாதாரரே முழுதும் வாங்கிவிட்டாலும், உரியவருக்குத் திருப்பித்தரும் கடமையிலிருந்து அவர் விடுபடுவதில்லை.

இதையெல்லாம் செய்யப் பணம் எங்கே என்று கேட்கும் பெண்கள் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வருமான வரம்பு பாராமலே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கு அலுவலகம் உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பும் ஒத்துக்கொண்டால் அந்தத் தீர்வு தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. ஜமாஅத்தில் பேசித் தீர்ப்பதை நாம் ஒருபோதும் இகழமாட்டோம். மனம் ஒத்தால் அதைப்போல் விரைவும் செலவின்மையும் வேறெங்கும் இல்லை. ஆனால் ஃபத்வாவுக்குச் சட்டத்தின் கட்டாய வலு இல்லை என்று உச்சநீதிமன்றம் 2014இல் தெளிவாக்கிவிட்டது. ஜமாஅத் ஏட்டில் எழுதியதை அப்படியே பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமாக மாற்றிக்கொள்ளாவிட்டால், அடுத்த தலைமுறை அதே வழக்கை மறுபடியும் பேசும். ஜமாஅத்து நிர்வாகிகள் பலர் இதை வலியுறுத்துவதில்லை என்பது நம் மனக்குறை.

ஆலத்தியூர்ப் பக்கத்து நிலத்துக்கு மட்டும் உரிய ஓர் அவசரத்தையும் சொல்லவேண்டும். சாதாரண வயல் கைமாறினால், பத்தாண்டு கழித்தும் ஆணையர் சங்கிலி போட்டு அளந்து கூறிட்டுவிடலாம். சுண்ணாம்புக்கல் வெட்டப்பட்ட நிலம் அப்படியன்று. சுரங்கம் தோண்டியபின் எஞ்சுவது மழைநீர் நின்ற ஒரு பள்ளம். அதில் 1 ஏக்கர் 60 சென்டை எந்த ஆணையராலும் காட்டமுடியாது. அப்போது பெண்ணுக்கு எஞ்சுவது பணமாகக் கணக்குக் கேட்கும் வழக்கு மட்டுமே. விலைபேசியாயிற்று என்ற செய்தி கேட்ட மாதத்திலேயே அறிவிப்பு அனுப்புவதும், வாங்க வருகிறவருக்கும் அதன் நகலை அனுப்புவதும் இந்த வட்டாரத்தில் மற்ற இடங்களைவிட முக்கியமாகிறது. ஒரு வாரிசின் கையெழுத்து விடுபட்டது என்று அறிந்த பின்னர், துணிந்து பணம் கொடுப்பவர் குறைவு.

மூதாட்டிக்கு இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றிவந்த நேரத்தில், பங்கு அவருடையதாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன என்பதை மட்டும் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். "அப்ப அண்ணன் கொடுக்க வேண்டியதில்லையா?" என்று கேட்டார். பிரித்துக் காட்டினால் போதும் என்றோம். கலியாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கை எழுதித்தரச் சொன்னார். தாயார் வழி வந்த இருபது சென்டைத் தனி வரியில் எழுதச் சொன்னார். மறுமாதம் அவருடைய பேரன் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டதாகவும், அறிவிப்பு அனுப்புவதற்கு முன் ஒருமுறை தாமே நேரில் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வரப்போவதாகவும் செய்தி அனுப்பியிருந்தார்.